வேடித்தொட்டி

காச்சுனையில் பொம்பளைகள் தொட்டிக்குள் இறங்குமுன் கொலுசைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைத்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுத்துப்போகும். முதல்தடவை வருகிறவளுக்கு இது தெரியாது. "ஏத்தா, கொலுசக் கழட்டிட்டு எறங்கு" என்று சொல்ல அங்கே ஒருத்தி நிற்பாள். இருபத்திரண்டு வருஷமாக அது தொட்டி கழுவுகிற முத்தாத்தாள்தான்.

சேத்தூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற மினி பஸ்ஸுக்குக் கடைசி ஊர் அது. போர்டில் காய்சுனை, வாயில் காச்சுன. எழுபது வீடு. ஊருக்கு மேற்கே ரெண்டு பாறைக்கு நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஊத்துக்கண் என்பார்கள். வடித்த கஞ்சி செத்த நேரம் ஆறினால் என்ன சூடு இருக்குமோ அந்தச் சூட்டில் அதிலிருந்து தண்ணீர் வரும். தீக்குச்சி உரசின வாடை அடிக்கும். குடிக்கவும் ஆகாது, பயிருக்கும் ஆகாது என்று ஒரு காலத்தில் ஊரே அதை ஒதுக்கி வைத்திருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்காலத்தில் கால் நனைப்பார்கள், அம்புட்டுதான்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்திலிருந்து ஒரு ராஜு வீட்டம்மா அடிவாரத்து மாந்தோப்பைப் பார்க்க வந்தார். மூட்டு மடங்காத மனுஷி. வண்டியிலிருந்து இறக்கி, பாறையில் உட்காரவைத்தபோது கால் தண்ணீரில் பட்டிருக்கிறது. "வேடி நீளு, வேடி நீளு" என்று கத்தினாராம். தெலுங்கில் சுடுதண்ணி. பாம்பு என்று நினைத்து வண்டிக்காரன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தானாம். அந்த அம்மா நாற்பது நாள் தோப்புக் குடிசையிலேயே தங்கிக் குளித்தார். போகும்போது வண்டி வரைக்கும் நடந்து போனார். அவர் வீட்டுக்காரர்தான் கருங்கல்லில் ரெண்டு தொட்டி கட்டிக்கொடுத்தது. ஆம்பளைத் தொட்டிக்குத் தனிப்பேர் ஒன்றும் நிலைக்கவில்லை. பொம்பளைத் தொட்டி மட்டும் வேடித்தொட்டி ஆகிவிட்டது. குளிக்க வருகிற யாரிடமும் காசு வாங்கக்கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனதை ஊர் இன்றுவரை மீறவில்லை.

மில் வந்தபிறகுதான் கூட்டம். நூல் மில்லில் நின்றே வேலை பார்த்து முழங்கால் இறுகிப்போனவர்கள் செவ்வாய், வெள்ளி என்று பஸ் ஏறி வந்தார்கள். பருத்தி போட்டுக்கொண்டிருந்த சனம் எண்ணெய் தேய்த்துவிடவும், சுக்குக்காபி போடவும், துண்டு விற்கவும் பழகிக்கொண்டது. வேல்சாமியின் அப்பா ஓட்டுச்சாய்ப்பில் ரெண்டு ரூம் எடுத்து வாடகைக்கு விட்டார். வேல்சாமி அதை ஆறு ரூம் ஆக்கி, மாடி போட்டு, டைல்ஸ் ஒட்டினான். அவன் பெண்டாட்டி பாண்டிசெல்வி தங்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவாள். காலையில் இட்லி, மத்தியானம் சோறும் மொச்சைக் குழம்பும். மகள் மாரீஸ்வரி கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம்.

போன ஆடிப்பூரத்தன்று ஊரே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போயிருந்தது. வேல்சாமி போகவில்லை. அன்றைக்குத்தான் போர் வண்டி வந்தது. நல்லதண்ணிக்கு என்றுதான் பாண்டிசெல்வியிடமும் சொல்லியிருந்தான். முந்நூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீச்சியடித்தது. கையை நீட்டினவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, சுடுது!"

வேல்சாமி சிரித்தான். அவன் எதிர்பார்த்தது அதைத்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

தேர் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வெறும் புகைதான் வந்துச்சு. மூடிப்போட்டேன்" என்று சொன்னான். ரெண்டு வாரத்தில் மாடியில் சோலார் வைத்தான். ரூமுக்கு ரூம் சுடுதண்ணி. சோலார்தான் காய்ச்சுகிறது என்று ஊர் நம்பியது. தண்ணீரில் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்தது. ஊரே அந்த வாடையில்தான் கிடந்தது. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மோட்டார் ஸ்டார்ட்டரை அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் மாட்டியிருந்தான். காலை ஒருமணி நேரம், சாயங்காலம் ஒருமணி நேரம் அதைப் போட்டு அணைப்பது பாண்டிசெல்வியின் வேலை. ராஜபாளையத்திலிருந்தும் சிவகாசியிலிருந்தும் காரில் ஆள் வந்தது. ரூமிலேயே குளித்துக்கொள்ளலாம் என்றால் தொட்டிப் படியில் யார் இறங்குவார்கள்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டித் தண்ணீர் ஆறத்தொடங்கியது. மழைத்தண்ணி கலந்திருக்கும் என்றார்கள். மார்கழியில் மழை விட்டது. சூடு திரும்பவில்லை. தை பிறந்தபோது ஊத்துக்கண்ணிலிருந்து விரல்கனத்துக்குத்தான் தண்ணீர் வந்தது. தொட்டியில் முழங்கால் அளவு. அதுவும் வெயிலில் வைத்த குடத்துத் தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பு.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப் கொட்டகையில் ஊர் கூடியது. ஊத்துக் கமிட்டித் தலைவர் குருசாமி, சுக்குக்காபிக் கடைக்காரர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முத்தாத்தாள் முன்னால் நின்றாள். ஐம்பத்தஞ்சு வயசு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வருஷக்கணக்காகச் சுடுதண்ணியில் கிடந்த கை. உள்ளங்கை வெளுத்து, ரேகை தேய்ந்து, வழவழவென்றிருக்கும்.

"முத்தாத்தா, நீயே சொல்லு. கண்ணுகிட்ட என்னத்த ஊத்துன?"

"ஆசிட்டு அண்ணாச்சி."

"எம்புட்டு?"

"ஒரு பாட்டிலு. ஐப்பசியில பாசி வழுக்கி ஒரு பிள்ள விழுந்து மண்டை ஒடைஞ்சுச்சுல்லா? நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன், போவல. அதான் சேத்தூர்ல வாங்கியாந்து ஊத்தித் தேய்ச்சேன்."

"யாரக் கேட்டு ஊத்துன?"

"யாரக் கேக்கணும்? எவளாச்சும் விழுந்து செத்துப்போனா என்னத்தான கேப்பிய?"

கூட்டத்தில் சலசலப்பு. குருசாமி வேல்சாமியைப் பார்த்தார். பைப்பு, மோட்டார், சிமெண்ட் என்றால் ஊரில் அவனைத்தான் கேட்பார்கள்.

"வேலு, ஆசிட்டு ஊத்துனா கண்ணு அடைக்குமாய்யா?"

வேல்சாமி தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டான். முத்தாத்தாள் அவனுக்கு அக்கா முறை. சின்ன வயசில் இவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"ஆசிட்டு பாறைய அரிக்கும்லா அண்ணாச்சி. உள்ள அரிச்சுச் சரிஞ்சு விழுந்துச்சுன்னா அடைக்கத்தான செய்யும்."

பாண்டிசெல்வி பொம்பளைகளோடு நின்றிருந்தாள். புறப்படும்போது மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அது அந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

முத்தாத்தாள் சண்டை போடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படியா வேலு?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாமப் போச்சே." அப்புறம் கொட்டகை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் தொட்டி வேலை அவளுக்கு இல்லை என்று குருசாமி சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பாண்டிசெல்வி ஸ்டார்ட்டரை அணைத்தாள். வேல்சாமி கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

"ஏங்க, மனசறிஞ்சு சொன்னியளா அத?"

"எத?"

"ஆசிட்டுன்னு."

"அரிக்காதா ஆசிட்டு? கேட்டாரு, சொன்னேன்."

"நம்ம போரு?"

"நம்ம போரு எங்க, ஊத்து எங்க? முந்நூறு அடிக்குக் கீழ ஓடுறது வேற ஓட்டம்டி. ஒனக்கு என்ன தெரியும்?"

"பத்துநாளு மோட்டாரப் போடாம இருந்து பாப்போம். தண்ணி வரலன்னா நம்ம மேல தப்பில்ல. வந்துச்சுன்னா..."

"வந்துச்சுன்னா? வந்துச்சுன்னா என்ன செய்வ? மாசி பூரா ரூமுக்கு ஆள் சொல்லியிருக்கு. நடுவுல தண்ணி இல்லன்னா எவன் வருவான்? பிள்ள படிப்பு இருக்கு, ரெண்டு வருஷம்."

"மதினி மொகத்தப் பாத்தியளா?"

வேல்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை. "அக்காவுக்கு நான் ஏதாச்சும் செய்வேன்" என்றான். "இங்கயே நம்ம ரூம் பெருக்கச் சொல்லுவோம். பட்டினி கெடக்க விட்டுருவனா?"

மறுநாளிலிருந்து மூன்று நாள் முத்தாத்தாள் பாறையில் குப்புறப் படுத்துக் கண்ணுக்குள் கைவிட்டு மண்ணை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தோள்வரை உள்ளே போயிருக்கும். பாறை சிராய்த்துக் கை முழுக்கத் தோல் உரிந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஒரு கட்டைப்பையோடு மினி பஸ் ஏறினாள். தளவாய்புரத்தில் அண்ணன் மகள் இருக்கிறாள், அங்கே நைட்டிக் கம்பெனியில் வேலை இருக்கிறதாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரூம் பெருக்குகிற வேலையை வேல்சாமி அவளிடம் சொல்லவே இல்லை. சொல்ல அவனுக்கு முகம் இல்லை.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பிச்சையம்மாள் என்கிற மில்காரப் பொம்பளை ராஜபாளையத்திலிருந்து வந்தாள். ஒன்பது வருஷமாக வருகிறவள். முப்பது வருஷம் மெஷின் முன்னால் நின்ற கால். வேடித்தொட்டியில் காலை வைத்துவிட்டு, எடுத்து, மறுபடி வைத்தாள். அப்புறம் படியிலேயே உட்கார்ந்தாள். அந்த வழியாக வந்த பாண்டிசெல்வியிடம், "என்ன தாயி இது, செத்த பொணம் மாதிரி கெடக்கு?" என்றாள்.

பாண்டிசெல்வி கையைப் பிடித்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காலியாகக் கிடந்த மூன்றாம் நம்பர் ரூமில் குழாயைத் திறந்துவிட்டாள்.

பிச்சையம்மாள் முக்கால் மணி நேரம் குளித்தாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "சோலார்னு சொல்றாவ. ஆனா தாயி, அந்தத் தண்ணி மாதிரியேதான் இருக்கு. எங்காலு அதக் கண்டுக்கிடும். ஒன்பது வருஷமா நனைஞ்ச காலுல்லா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சந்தேகமாகச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள். "நாங்க தங்க முடியாது, ரூமெல்லாம் நமக்கு ஆகாது. நீ நல்லாரு."

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து பாண்டிசெல்வி அடுப்படியில் உட்கார்ந்தாள். இனிமேல் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. தண்ணீர் ஒரே தண்ணீர். இல்லாதவள் குளித்த தண்ணீரை எடுத்துக் காரில் வருகிறவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போட்டு அணைப்பது தன்னுடைய கை.

அந்த வெள்ளிக்கிழமை தூக்குவாளியில் சோறும் கருவாட்டுக் குழம்பும், தனி டப்பாவில் அவித்த மொச்சையும் எடுத்துக்கொண்டு தளவாய்புரம் போனாள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனாள். பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

முத்தாத்தாள் ஒரு தகரச் சாய்ப்பில் ஏழெட்டுப் பொம்பளைகளோடு உட்கார்ந்து, தைத்து வந்த நைட்டிகளில் தொங்குகிற நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் பூப்போட்ட துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. கண் சரியாகத் தெரியாமல் துணியை மூக்குக்குக் கிட்டே வைத்திருந்தாள்.

"ஏட்டி செல்வி! நீ எங்க இங்க?"

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பசியோடு இருந்திருக்கிறாள். பாதி வாளியைக் காலி செய்தாள். அவள் கையைப் பாண்டிசெல்வி பார்த்தாள். தண்ணீர் படாமல் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. முழங்கையில் சிராய்ப்புத் தழும்பு.

"வேலு எப்படியிருக்கான்?"

"இருக்காவ மதினி."

"அவன் மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லட்டி. தெரிஞ்சதச் சொன்னான். மறைக்கவா முடியும்?" குழம்பை வழித்து நக்கினாள். "தூக்கமே இல்ல பாத்துக்க. கண்ணசந்தா அந்தப் பாட்டிலுதான் வருது. பாசியில புசுபுசுன்னு நுரைச்சுச்சு. நல்லாப் போவுதேன்னு சந்தோசப்பட்டேன்டி நானு! எம்புட்டு சனம் வரும், கால இழுத்துக்கிட்டு. நொண்டிக்கிட்டு வாரவ நிமிந்து போறத நான் பாத்திருக்கேன். அம்புட்டுப் பேருக்கும் இருந்தத நானே கொன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லாதிய மதினி."

"பொறவு எப்படிச் சொல்ல?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். பாண்டிசெல்வி "ஆசிட்டுல அப்படி ஆவாதுன்னு சொல்றாவ மதினி" என்று மட்டும் முனகினாள்.

"யாரு சொன்னா?"

"யாரோ... வந்தவிய சொன்னாவ."

"அவியளுக்கு என்ன தெரியும்?" என்றாள் முத்தாத்தாள். வாளியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். "ஊர்ல எல்லாரும் என்னைய வெறுத்துட்டாவ. நீ ஒருத்திதான் தேடி வந்த. இத நான் மறக்கமாட்டேன் செல்வி."

வருகிற வழியெல்லாம் பாண்டிசெல்வி பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். உட்கார இடம் இருந்தது. கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.

பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் வேல்சாமி வெளியே போயிருந்த நேரம், அவள் அரிசி டிரம்மை நகர்த்தி, மெயினை இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். நுனியைத் தீக்குச்சியில் கருக்கினாள். அவன் வந்ததும், "மோட்டார் ஓடமாட்டேங்கு, கருகின வாடை அடிச்சுச்சு" என்றாள்.

உள்ளூர் ஆளைக் கூப்பிட முடியாது. போட்டுக்கொடுத்த மெக்கானிக் ராஜபாளையத்துக்காரன், கோயம்புத்தூரில் வேலையாகப் போயிருந்தான். வர ரெண்டு வாரம் ஆகும் என்றான். வேல்சாமி கொல்லையில் அண்டா வைத்து விறகு போட்டுக் காய்ச்சி ரூமுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தான். கண்ணெல்லாம் புகை. பாண்டிசெல்வி தினமும் காலையில் வேடித்தொட்டிக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அஞ்சாம் நாள் வித்தியாசமில்லை. எட்டாம் நாள் தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது. பங்குனி வெயில், ஒருபொட்டு மழை கிடையாது. பன்னிரண்டாம் நாள் கையில் சூடு தெரிந்தது. படியில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று மத்தியானம் வேல்சாமி தொட்டிப்பக்கம் போய்விட்டு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"தண்ணி ஏறிருக்கு."

"ஆமா."

"நீதான கழட்டுன வயர?"

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். "எனக்கு மார்கழியிலயே சந்தேகம் தட்டிருச்சு செல்வி" என்றான். "இருக்காது, இருக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மறுநாள் அவனே மோட்டாரை உருவி எடுத்தான். கல்லும் சிமெண்டும் போட்டுக் குழியை மூடினான். சோலார் கெட்டுப்போச்சு என்று ரூமில் இருந்தவர்களை அனுப்பிவைத்தான். ஒருவாரம் வீட்டில் சண்டை இல்லை. "ஊத்து பழையபடி ஆவட்டும். நானே போய் அக்காவக் கூட்டியாறேன். ஆசிட்டெல்லாம் கழுவிப் போயிருச்சுன்னு சொல்லிக்கிடுவோம். ஒரு மனுசருக்கும் தெரியவேண்டாம்" என்றான். பாண்டிசெல்வியும் சரியென்றாள். அதில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கும் தோன்றியது.

ஊர் வேறுமாதிரி பேசியது. குருசாமி கடையில் காபி குடிக்கிறவன் எல்லாம் அதையே சொன்னான். அவள் இருந்தவரைக்கும் கண் திறக்கவில்லை. அவள் ஊரைவிட்டுப் போனாள், ரெண்டே மாசத்தில் தண்ணீர் திரும்பிவிட்டது. பாவம் ஒழிந்தது. ஊத்துக்கண்ணில் குடியிருக்கிற ஊத்தம்மாவுக்குப் பொங்கல் வைக்கவேண்டும்.

"ஏங்க, இப்படிப் பேசுறாவளே?"

"தெரியும்."

"இன்னும் அவிய தலையிலதான விழுவுது?"

"இப்பப் போய் என்னத்தடி சொல்ல?" என்றான் வேல்சாமி. "தண்ணிதான் வந்துட்டுல்லா."

சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே பாறை கொதித்தது. தொட்டிக்கு முன்னால் ஏழு பானை வரிசையாக வைத்துப் பொங்கல் விட்டார்கள். ஒரு பானை பாண்டிசெல்வியுடையது. குருசாமி கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பி நின்று சொன்னார்.

"ஊத்தம்மா மனசு எறங்கிட்டா. நம்ம ஊருக்குப் பழையபடி சோறு போடுவா. ஒண்ணு மட்டும் ஊர் முடிவா வச்சுக்கிடுவோம். முத்தாத்தா இனிமே இந்தப் பாறைய மிதிக்கக்கூடாது. வீட்டுக்கு வேணா வரட்டும், போவட்டும். இங்க வரப்படாது."

"சரிதான்" என்று நாலைந்து குரல் வந்தது.

பாண்டிசெல்வி கையில் அகப்பையோடு எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணாச்சி, ஊத்த அடைச்சது மதினி இல்ல."

"என்னத்தா?"

"நாங்க. எங்க போருல தண்ணி வந்துச்சு. சுடுதண்ணி. ஆடியிலருந்து நாந்தான் தெனமும் மோட்டாரப் போட்டு எடுத்தேன். சோலார் இல்ல. நிறுத்தினேன், தண்ணி வந்துட்டு. மதினி ஒரு பாவமும் செய்யல."

பானை ஒன்று பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை யாரும் இறக்கவில்லை. எல்லோரும் வேல்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மறுத்துவிடுவான் என்றுதான் பாண்டிசெல்வி நினைத்தாள். மறுத்தால் ஊர் அவனைத்தான் நம்பும்.

வேல்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "போர் போட்டது நானு. புகைன்னு பொய் சொன்னதும் நானு. அவள ஒண்ணும் கேக்காதிய" என்றான்.

குருசாமி அவன் முன்னால் வந்து நின்றார். "எம் மொகத்தப் பாத்துச் சொன்னியேடா வேலு. ஆசிட்டு அரிக்கும்னு எம் மொகத்தப் பாத்துச் சொன்னியே. அதக் கேட்டுத்தானடா நானும் அந்தப் பொம்பளைய வெரட்டுனேன்!" அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கின கையால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

அன்று பொங்கலை யாரும் வாங்கிச் சாப்பிடவில்லை. ஆம்பளைகள் கூட்டமாகப் போய் மூடின குழியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு ரூம் திறக்கக்கூடாது என்று ஊர் சொன்னது. வேல்சாமி தலையாட்டினான். மாரீஸ்வரிக்குப் போனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் அப்பாவோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலேஜ் பஸ் ஏறினாள்.

குருசாமியும் வேல்சாமியும் தளவாய்புரம் போனார்கள். பாண்டிசெல்வி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர்கள் திரும்பி வருகிறவரை மினி பஸ் நிற்கிற இடத்திலேயே வெயிலில் நின்றாள். வேல்சாமி இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தான். குருசாமிதான் சொன்னார்.

"கால்ல விழுந்தான் உம் புருசன். அவ நூலு வெட்டிக்கிட்டே இருந்தா. பொறவு ஒண்ணே ஒண்ணு கேட்டா."

"என்ன அண்ணாச்சி?"

"குழம்பு கொண்டாந்தாளே செல்வி, அன்னைக்கு அவளுக்குத் தெரியுமான்னு."

பாண்டிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும்னு இவன் சொன்னான். அதுக்குப் பொறவு எங்க ரெண்டு பேரையும் அவ ஏறிட்டுப் பாக்கல."

ஆனியில் முத்தாத்தாள் தானாகவே வந்தாள். போன அதே கட்டைப்பையோடு இறங்கி, வீட்டைத் திறந்து, பெருக்கி, உலை வைத்தாள். ஊர்ப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பேசினார்கள். அவளும் பேசினாள். தொட்டி வேலையை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் குருசாமி ரெண்டு தடவை போய்க் கேட்டார். "வேண்டாம் அண்ணாச்சி. இனிமே அதுல கை வைக்க எனக்கு மனசில்ல" என்றுவிட்டாள். பாண்டிசெல்வியின் வீட்டு வழியாகத்தான் அவள் கடைக்குப் போகவேண்டும். ஒருநாள்கூட அந்த வாசல்பக்கம் திரும்பவில்லை.

சித்திரையிலிருந்தே வேடித்தொட்டியைப் பாண்டிசெல்விதான் கழுவிக்கொண்டிருந்தாள். செய் என்று யாரும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போகும். முத்தாத்தாள் எப்படி இருபத்திரண்டு வருஷம் இதைச் செய்தாள் என்று நினைத்துக்கொள்வாள். தண்ணீர் நிறைந்திருந்தது. கூட்டமும் மெல்ல வரத்தொடங்கியது. ஆனால் பழைய சூடு வரவில்லை. முன்பு இறங்கினதும் "ஆத்தாடி" என்று ஒரு சத்தம் வரும் ஒவ்வொருத்தியிடமிருந்தும். அந்தச் சத்தம் இப்போது இல்லை.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை, முத்தாத்தாள் தோளில் துண்டோடு தொட்டிக்கு வந்தாள். வேலைக்காக இல்லாமல் குளிக்கவென்று அவள் அங்கே வந்தது அன்றுதான் முதல்தடவையாக இருக்கும். பாண்டிசெல்வி நாரைப் போட்டுவிட்டு, ஈரப்படியில் அவள் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். முத்தாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாண்டிசெல்வி கொஞ்சநேரம் அப்படியே நின்றாள்.

உள்ளே இன்னும் நாலு பேர் இருந்தார்கள். கூமாப்பட்டியிலிருந்து முதல்தடவை வந்த ஒரு சின்னப்பொண்ணு, கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், இடுப்பு வலிக்காரி, தண்ணீரைக் கையால் அளைந்துவிட்டு முத்தாத்தாளிடம் கேட்டாள்.

"ஏன் அத்தை, கொதிக்கக் கொதிக்க இருக்கும்னு சொன்னாங்க. இது எப்பவுமே இம்புட்டுச் சூடுதானா?"

முத்தாத்தாள் கண்ணைத் திறந்தாள். அஞ்சு மாசத்துக்குப் பிறகு பாண்டிசெல்வியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்தா நிக்காள்ல, அவளக் கேளு" என்றாள். "அவ சொல்லுவா."

அந்தப் பொண்ணு திரும்பினாள். மற்ற மூன்று பேரும் திரும்பினார்கள். பாண்டிசெல்வி படியில் உட்கார்ந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"இல்லம்மா. முன்ன இதவிடச் சூடா இருந்துச்சு. நாங்கதான் கெடுத்தோம்" என்று ஆரம்பித்து, ஆடிப்பூரத்தன்று போர் வண்டி வந்ததிலிருந்து சொன்னாள். கொட்டகையில் வேல்சாமி சொன்னதைச் சொன்னாள். தளவாய்புரத்துக்குக் குழம்பு கொண்டுபோனதையும், சொல்லாமல் திரும்பி வந்ததையும் சொன்னாள். குரல் ரெண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை.

முத்தாத்தாள் கழுத்துவரை தண்ணீரில் இருந்தபடி கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.